சோழியும் கயிறும்: ஒரு சொகுசுத் தீவின் பெண் வரலாறு

மாலத்தீவுக்குச் சுற்றுலா போகத் திட்டமிடுகிற எல்லோரும் முதலில் பார்ப்பது ஒரே மாதிரியான படத்தைத்தான். பச்சையும் நீலமும் கலந்த ஆழமில்லாக் கடல், தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கும் கீற்றுக்கூரை வீடுகள், அவற்றை இணைக்கும் மரப்பாலம், வெள்ளை மணலில் இரண்டு சாய்வு நாற்காலிகள். படத்தில் பெரும்பாலும் ஆள் இருக்கமாட்டார்கள். இருந்தால், நமக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்து நிற்கும் ஒரு பெண் இருப்பாள். அவள் அந்த ஊர்க்காரி அல்ல.

பயண முகவரிடம் போனால் அவர் கேட்கும் முதல் கேள்வி "எந்த ஓட்டல்?" என்பதல்ல, "எந்தத் தீவு?" என்பதுதான். அங்கே ஒரு தீவுக்கு ஒரு விடுதி. மொத்தம் சுமார் 1,190 பவளத் தீவுகள். அவற்றில் மக்கள் வாழ்பவை 200க்கும் குறைவு. விடுதிகளுக்கென்று ஒதுக்கப்பட்டுச் செயல்படுபவை 170ஐத் தாண்டும். தீவைத் தேர்ந்தெடுத்த பின், விசைப்படகா கடல்விமானமா என்பது அடுத்த கேள்வி. கடல்விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். மாலையில் வந்து இறங்குகிறவர்கள் ஓர் இரவைத் தலைநகர் மாலேயிலோ பக்கத்து ஹுல்ஹுமாலேயிலோ கழிக்க வேண்டும். பிறகு வீடு மணல்மேலா தண்ணீர்மேலா, காலை உணவு மட்டுமா மூன்று வேளையுமா என்று கேள்விகள் நீளும். கடைசியில் ஒரு பில் வரும். அறை வாடகை, போக்குவரத்து, 10 விழுக்காடு சேவைக் கட்டணம், 2025 ஜூலை முதல் 17 விழுக்காடாக உயர்ந்திருக்கும் சுற்றுலா வரி, பெரிய விடுதிகளில் ஓர் இரவுக்குத் தலைக்கு 12 டாலர் பசுமை வரி.

இந்த பில்லை ஒரு வரலாற்று ஆவணமாகவும் படிக்கலாம். எதற்கெல்லாம் விலை உண்டு, எதற்கெல்லாம் இல்லை என்று அது சொல்கிறது. ஆயிரம் ஆண்டுகளாக அந்தத் தீவுகளை உலகத்தோடு இணைத்துவைத்த பெண்களின் உழைப்பு அதில் எந்த வரியிலும் இல்லை. அந்த உழைப்பு எங்கே போனது என்று தேடியதில் கிடைத்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சொகுசுப் பயணத்தை ஏளனம் செய்ய எனக்கு விருப்பமில்லை. காலையில் எழுந்ததும் இட்லியா தோசையா என்று முடிவெடுக்க வேண்டாத நான்கு நாட்கள், தன் கோப்பையைத் தானே கழுவ வேண்டாத நான்கு நாட்கள், நம் ஊர்ப் பெண்களில் பலருக்கு வாழ்நாளில் ஒருமுறைகூட வாய்ப்பதில்லை. குடும்பத்தோடு போகும் சுற்றுலாவிலும் மாத்திரைப் பையும் ஊறுகாய் பாட்டிலும் துவைக்க வேண்டிய துணிகளும் அவள் பொறுப்பில்தான் வருகின்றன. "யாரும் என்னைக் கூப்பிடாத ஓரிடம்" என்று ஒரு பெண் ஆசைப்பட்டால் அது ஆடம்பரம் அல்ல, உரிமை. அந்த உரிமையை நாம் கேட்கும்போது, நமக்காகத் துடைத்து வைக்கப்பட்ட அந்த மணலில் முன்பு யார் நின்றார்கள் என்றும் கேட்க முடியும். இரண்டு கேள்விகளும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல.

பெண்கள் கையால் வந்த இரண்டு பெயர்கள்

தமிழ் படித்தவள் என்பதால் எனக்கு முதலில் கண்ணில் பட்டவை சொற்கள். மாலத்தீவின் திவேஹி மொழியில் படகுக்குப் பெயர் தோணி. இளநீர்க்காய்க்குப் பெயர் குரும்பா. நம் குரும்பைக்கு உறவு. அங்கே 1972இல் திறக்கப்பட்ட முதல் சுற்றுலா விடுதியின் பெயரும் குரும்பாதான். ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தி அவன் வென்றதாகச் சொல்லும் பழந்தீவுகள் மாலத்தீவே என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து. வென்ற அரசனின் பெயர் கல்லில் இருக்கிறது. வெல்லும் அளவுக்கு அந்தத் தீவுகளில் என்ன இருந்தது என்பதைக் கல்வெட்டு சொல்லவில்லை.

அதைச் சொல்கிறவர் ராஜராஜனுக்குச் சற்றுப் பிந்திய அல்பிருனி. இந்தியாவைப் பற்றி 1030 வாக்கில் அரபியில் எழுதிய அறிஞர். இந்தக் கடலில் உள்ள திவாத் தீவுகளை அவர் இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று திவா கூடா, அதாவது சோழித் தீவுகள். மற்றொன்று திவா கன்பார், அதாவது கயிற்றுத் தீவுகள். மக்களின் பெயராலோ அரசனின் பெயராலோ அவை அழைக்கப்படவில்லை. விளையும் பொருளின் பெயரே தீவின் பெயராக இருந்தது. அந்த இரண்டு பொருள்களையும் ஆக்கியதில் பெரும்பங்கு பெண்களுடையது.

கயிற்றைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகச் சிறந்த சாட்சி இபன் பதூதா. மொராக்கோவிலிருந்து கிளம்பிய இந்தப் பயணி 1343-44இல் மாலத்தீவில் பல மாதங்கள் தங்கி, அங்கே காஜியாகவும் இருந்தார். தேங்காய் மட்டையைக் கரையோரக் குழிகளில் ஊறப்போடுவார்கள், பிறகு கட்டையால் அடித்து நாரெடுப்பார்கள், அந்த நாரைப் பெண்கள் திரிப்பார்கள் என்று எழுதியிருக்கிறார். அந்தக் கயிறு இந்தியாவுக்கும் ஏமனுக்கும் சீனாவுக்கும் போனது. ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கப்பல் கட்டிய காலம் அது. இந்தியப் பெருங்கடலின் வணிகம் என்று நாம் பாடத்தில் படிப்பதெல்லாம் அந்தத் தையலின் பிடிப்பில் மிதந்தது.

அவர் போகிறபோக்கில் எழுதிய இன்னொரு செய்தி எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. அந்தத் தீவுகளின் பெண்களில் பலர் வசதியானவர்கள் வீட்டில் கூலிக்கு அமர்ந்திருந்தார்கள். ஐந்து தினார் அல்லது அதற்கும் குறைந்த தொகை கூலி, சாப்பாடு வீட்டுக்காரர் பொறுப்பு. ஒரு பணக்காரர் வீட்டில் பத்து இருபது பெண்கள் இருப்பார்கள். அவர்களுடைய முக்கிய வேலை கயிறு திரிப்பது. பாத்திரம் உடைந்தால் அதன் விலை அந்தப் பெண்ணின் கணக்கில் கடனாக ஏறும். வேறு வீட்டுக்கு மாற நினைத்தால், புதிய வீட்டார் அந்தக் கடனைப் பழைய வீட்டாருக்குக் கட்டி அவளை அழைத்துக்கொள்வார்கள். கடன் தீராது, யாருக்குக் கடன் என்பது மட்டும் மாறும். முன்பணத்தில் கட்டுண்டு செங்கல் சூளையிலும் நூற்பாலையிலும் வேலை பார்த்த நம் ஊர்ப் பெண்களின் கதையைக் கேட்டவர்களுக்கு இந்த ஏற்பாடு புரியும். இபன் பதூதாவுக்கு அது ஒரு வேடிக்கையான வழக்கமாகத் தெரிந்திருக்கிறது.

இடுப்பளவு நீரில் நின்றவர்கள்

சோழியை நாம் அறிவோம். பல்லாங்குழியிலும் தாயத்திலும் அது நம் பாட்டிமார் கைகளில் உருண்டது. குறி சொல்கிறவர்களின் பலகையில் இன்னும் உருள்கிறது. அதே சிறிய வெள்ளைச் சோழி வங்காளத்திலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் பல நூற்றாண்டுகள் சில்லறைக் காசாகப் புழங்கியது. அதன் பெரிய ஊற்று மாலத்தீவு.

1602இல் கப்பல் உடைந்து மாலத்தீவில் ஒதுங்கி, ஐந்து ஆண்டுகள் அங்கேயே பிடித்துவைக்கப்பட்டிருந்த பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா பிரார் இதை விவரித்திருக்கிறார். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் பெண்கள் இடுப்பளவு நீரில் நின்று சோழி சேகரிப்பார்கள். பிறகு உள்ளிருக்கும் உயிரி அழுகிப்போகும்வரை அதை மணலில் புதைத்து வைப்பார்கள், கழுவுவார்கள், எண்ணுவார்கள். பன்னிரண்டாயிரம் சோழிகள் ஒரு கட்டு. ஓலையில் பொதிந்து ஏற்றுவார்கள். வேறு சரக்கே இல்லாமல் சோழி மட்டும் நிரப்பிய முப்பது நாற்பது கப்பல்கள் வங்காளத்துக்குப் போனதைப் பார்த்ததாக அவர் எழுதுகிறார். பதிலுக்கு அங்கிருந்து வந்தது அரிசி. பவள மணலில் நெல் விளையாது. எனவே கடலுக்குள் இடுப்பளவு இறங்கிய அந்தப் பெண்கள் உண்மையில் சோறு சேகரித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் சேகரித்ததற்கு என்ன விலை? இபன் பதூதா மாலத்தீவில் இருந்தபோது ஒரு பொன் தினாருக்கு நான்கு லட்சம் சோழிகள். விலை சரிந்த சமயத்தில் பன்னிரண்டு லட்சம்வரைகூடப் போனது. சில ஆண்டுகள் கழித்து அவர் ஆப்பிரிக்காவின் மாலிப் பேரரசுக்குப் போகிறார். அங்கே அதே சோழி 1,150 கொடுத்தால் ஒரு பொன் தினார். எடுத்த இடத்துக்கும் செலவான இடத்துக்கும் நடுவே மதிப்பு முந்நூறு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. கப்பல்காரர்களும் ஒட்டகக்காரர்களும் வணிகர்களும் அந்த ஏற்றத்தைப் பங்கிட்டுக்கொண்டார்கள். நீரில் நின்றவளுக்குக் கிடைத்தது அரிசி.

இந்தக் கதையின் கொடுமையான பகுதி பிறகு வருகிறது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் சோழியை வாங்கிக் கப்பல்களில் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். ஆம்ஸ்டர்டாமிலும் லண்டனிலும் ஏலம் போன மூட்டைகள் மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குச் சென்றன. அங்கே அவற்றைக் கொடுத்து மனிதர்களை வாங்கினார்கள். மாலத்தீவுப் பெண் ஒருத்தி பௌர்ணமி இறக்கத்தில் குனிந்து எடுத்த சோழி, பெனின் வளைகுடாக் கரையில் இன்னொரு பெண்ணின் விலையில் ஒரு பகுதியானது. இவளுக்கு அவளைத் தெரியாது. உலகப் பொருளாதாரம் பெண்களை ஒருவரோடு ஒருவர் இணைத்த விதம் பல வேளைகளில் இப்படித்தான் இருந்திருக்கிறது. நடுவில் இருந்தவர்களுக்கு இரண்டு முனைகளும் தெரியும். முனைகளில் இருந்தவர்களுக்கு ஒருவரையொருவர் தெரியாது.

அரசி இருந்த நாடு

இந்தப் பெண்களை வெறும் பாதிக்கப்பட்டவர்களாக மட்டும் பார்த்தால் அதுவும் முழு உண்மையாகாது. இபன் பதூதா போன காலத்தில் மாலத்தீவை ஆண்டவர் ஒரு பெண், கதீஜா. வெள்ளிக்கிழமைத் தொழுகையில் அவர் பெயரைச் சொல்லித்தான் பிரார்த்தித்தார்கள். கணவரே அமைச்சராக இருந்து நடைமுறையில் ஆட்சி செய்தார் என்றும் பயணி எழுதியிருக்கிறார். இருந்தாலும் இடையிடையே பதவி பறிபோய், மீண்டும் கைப்பற்றி, பதினான்காம் நூற்றாண்டில் ஒரு முப்பது ஆண்டு காலம் கதீஜாவின் பெயர் நின்றிருக்கிறது. அவருக்குப் பிறகும் அந்தக் குடும்பத்துப் பெண்கள் அரியணை ஏறினார்கள்.

காஜி இபன் பதூதாவுக்கு அந்த ஊரில் பிடிக்காத விஷயம் ஒன்று இருந்தது. பெண்கள் இடுப்புக்குக் கீழே மட்டும் துணி உடுத்திச் சந்தைக்கும் தெருவுக்கும் வந்தார்கள். அரசியே தலையை மூடவில்லை. மேலுடை அணிய வேண்டும் என்று அவர் ஆணையிட்டார். யாரும் கேட்கவில்லை. கடைசியில், வழக்குச் சொல்லத் தன் முன் வருகிற பெண்கள் மட்டுமாவது போர்த்திக்கொண்டு வர வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொண்டார். சட்டத்தைக் கையில் வைத்திருந்தவர் தன் தோல்வியைத் தானே பதிவுசெய்திருக்கிறார் என்பதால் இந்தச் சாட்சியத்தை நான் நம்புகிறேன்.

அதே மனிதர் அங்கே பல திருமணங்கள் செய்துகொண்டார். மகர் தொகை குறைவு என்பதால் அங்கே மணம் செய்வது எளிது, வரும் கப்பல்காரர்கள் மணந்துகொள்வார்கள், கப்பல் கிளம்பும்போது மணவிலக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள், பெண்கள் தங்கள் நாட்டைவிட்டு வெளியே போகமாட்டார்கள் என்றெல்லாம் எழுதிவைத்தார். மனைவியர் தம்மோடு அமர்ந்து சாப்பிடமாட்டார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்றே தெரியாது என்றும் சொல்கிறார். வெப்பத் தீவு ஒன்றில் ஆணுக்குக் கிடைக்கும் இன்பங்களின் பட்டியலை எழுதிய பயணிகளில் அவர் முந்தியவர். இன்றைய விளம்பரங்கள் அந்தப் பட்டியலைத் திருத்தி எழுதியிருக்கின்றன. அவ்வளவுதான்.

ஆண்டுகள் ஓடி, 1968இல் மாலத்தீவு குடியரசானது. அதன் அரசியலமைப்பு பெண் குடியரசுத் தலைவராக முடியாது என்றது. அரசிகளை அறிந்திருந்த ஒரு நாட்டில் அந்தத் தடை நீங்க 2008ஆம் ஆண்டின் புதிய அரசியலமைப்பு வர வேண்டியிருந்தது. 2024 தேர்தலில் 93 பேர் கொண்ட நாடாளுமன்றத்துக்குத் தேர்வான பெண்கள் 3 பேர். வரலாறு நேர்க்கோட்டில் முன்னேறுகிறது என்று நினைப்பவர்களுக்கு இந்த இரண்டு எண்களையும் கதீஜாவின் பெயருக்குப் பக்கத்தில் எழுதிக் காட்டலாம்.

மாசி போனது, விருந்தினர் வந்தார்கள்

இலங்கையிலும் தென்பாண்டிக் கடற்கரையிலும் மாசிச் சம்பல் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு மாலத்தீவு என்றால் முதலில் நினைவுக்கு வருவது மாசிதான். சூரை மீனை அவித்து, புகையில் வாட்டி, வெயிலில் மரக்கட்டைபோல் காயவைத்தது. ஆண்கள் மீன் பிடித்து வந்தார்கள். மாசியாக்கியவர்கள் பெண்கள். விறகு சேர்ப்பது, அவிப்பது, புகை போடுவது, காயவைத்துக் காவல் காப்பது, அவித்த நீரைச் சுண்டக் காய்ச்சி ரிஹாக்குரு என்ற குழம்பாக்குவது எல்லாம் வீட்டுக் கொல்லையில் நடந்தன. ஆனால் அதை வீட்டு வேலை என்று தள்ளிவிட முடியாது. நாட்டின் முதன்மை ஏற்றுமதிப் பண்டம் அந்தக் கொல்லைகளிலிருந்துதான் கொழும்புக்குக் கப்பலேறியது.

1970களின் தொடக்கத்தில் அன்னியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இலங்கை மாசி இறக்குமதியைக் கடுமையாகக் குறைத்தது. அதே காலத்தில் வெளிநாட்டுக் குளிர்பதனக் கப்பல்கள் கடலிலேயே பச்சை மீனை வாங்கத் தொடங்கின. தோணிகளில் எஞ்சின் ஏறியது. மீன் கரைக்கு வராமலே காசானது. அந்தக் காசு மீன் பிடித்தவர் கையில் நின்றது. பெண்களின் கொல்லையில் புகை அடங்கியது. பொருளாதார அறிக்கைகளில் இது நவீனமயமாதல் என்ற பெயரில் வளர்ச்சியாகப் பதிவாகியது. உழைப்பில் பங்குபெற்ற பெண்களின் கணக்கோ வேறு கதை சொல்கிறது. 1970களின் பிற்பகுதியில் வேலை செய்யும் வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் உழைப்பாளர் கணக்கில் இருந்தார்கள். 1990 வாக்கில் அது ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் என்று சுருங்கியிருந்தது.

சரியாக அந்த ஆண்டுகளில்தான் சுற்றுலா வந்தது. 1972 அக்டோபரில் தென்னந்தோப்பாக இருந்த விஹாமனாஃபுஷி என்ற தீவில் குரும்பா விடுதி திறந்தது. பவளக் கல் சுவர், கீற்றுக் கூரை. அந்த ஆண்டு நாட்டுக்கு வந்த பயணிகள் சுமார் ஆயிரம் பேர். 2024இல் அந்த எண்ணிக்கை இருபது லட்சத்தைத் தாண்டியது. இவ்வளவு வேகமாக வளர்ந்த ஒரு தொழில், மாசியை இழந்த பெண்களுக்கு வேலை கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை.

காரணம் அந்தத் தொழிலின் அமைப்பிலேயே இருந்தது. விடுதிகளை மக்கள் வாழாத தீவுகளில் மட்டும் கட்டுவது என்பது அரசின் கொள்கை. மதுவும் நீச்சலுடையும் அங்கே இருக்கட்டும், ஊர் ஊராக இருக்கட்டும் என்பது அதன் நியாயம். 1980களின் நடுப்பகுதியில் மக்கள் வாழும் தீவுகளில் வெளிநாட்டார் தங்குவதையும் நிறுத்திவிட்டார்கள். இதனால் விடுதியில் வேலை என்றால் வீட்டைவிட்டு, கடல் தாண்டி, வேறொரு தீவில் மாதக்கணக்கில் தங்கும் வேலை என்றாகிவிட்டது. ஆண்கள் போனார்கள். பெண்களைக் குடும்பங்கள் அனுப்பவில்லை. "ரிசார்ட்டில் தங்கி வேலை பார்த்தவள்" என்ற பேச்சுக்கு அஞ்சினார்கள். குழந்தையையும் முதியவரையும் வைத்துக்கொண்டு போகவும் வழியில்லை. அந்த இடங்களை நிரப்ப வங்கதேசத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அறையைச் சுத்தம் செய்வது உலகமெங்கும் பெண் வேலையாகக் கருதப்படுகிறது. மாலத்தீவு விடுதிகளில் அதையும் பெரும்பாலும் ஆண்களே செய்வதைப் பார்க்கலாம். அது சமத்துவத்தின் அடையாளம் அல்ல. உள்ளூர்ப் பெண் அந்தத் தீவுக்கு வர முடியவில்லை என்பதன் அடையாளம்.

அவள் ஊர்த் தீவில் இருக்கிறாள். கணவன் இல்லாத மாதங்களில் வீட்டை அவளே நடத்துகிறாள். பெண் தலைமையில் நடக்கும் குடும்பங்களின் பங்கு மிக அதிகமாக உள்ள நாடுகளில் மாலத்தீவும் ஒன்று. விடுதிக் கூரைக்கான கீற்று முடைவது அவளுக்கு மிஞ்சிய வேலைகளில் ஒன்று. நம் ஊரில் கீற்று முடைகிற பெண்களைப் போலவே தரையில் குந்தி, எண்ணிக்கைக் கணக்கில் கூலி. தெற்கே கத்தூ தீவின் பெண்கள் கோரைபோன்ற ஒரு புல்லில் நெய்யும் துண்டு குனா பாய்கள் ஒருகாலத்தில் அரண்மனைக்குப் போயின. இன்று அவை நினைவுப் பரிசுகளாக விற்கின்றன. சொகுசுத் தீவுக்கு அவள் செய்த பொருள் போகலாம். அவள் போவதுதான் கடினம்.

இரண்டு கடற்கரைகள்

விடுதித் தீவில் ஒரு சட்டம், ஊர்த் தீவில் ஒரு சட்டம் என்பது பெண் உடலில் வந்து முட்டுகிறது. மணமாகாத உறவுக்குக் கசையடி என்ற தண்டனை அந்நாட்டில் நடைமுறையில் இருந்தது. அதற்கு ஆளானவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். ஆணுக்கு மறுத்துவிட்டுப் போக முடியும், கருவுற்ற பெண்ணுக்கு முடியாது. 2011 நவம்பரில் ஐ.நா. மனித உரிமை ஆணையர் நவி பிள்ளை மாலத்தீவு நாடாளுமன்றத்தில் பேசியபோது இந்தத் தண்டனையை நிறுத்திவைக்கச் சொன்னார். தென்னாப்பிரிக்காவில் பிறந்த தமிழ் வம்சாவளிப் பெண் அவர். மறுநாளே அவருக்கு எதிராகத் தெருவில் போராட்டம் நடந்தது.

அடுத்த மாதம் நடந்த பெரிய மதவாதப் போராட்டம் ஒன்றில் விடுதிகளின் மசாஜ் நிலையங்களை மூடச் சொன்னார்கள். அரசு மூடியது. சில நாட்களிலேயே, 2012 ஜனவரி முதல் வாரத்தில், மீண்டும் திறந்துவிட்டது. சுற்றுலா வருமானம் பேசியது. 2013இல் 15 வயதுச் சிறுமி ஒருத்திக்குக் கசையடி விதிக்கப்பட்டபோது உலகெங்கும் கண்டனம் எழுந்தது. இணையத்தில் லட்சக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். சுற்றுலாவின் பெயருக்குக் களங்கம் வரும் என்ற பேச்சு எழுந்தது. அந்த ஆகஸ்டில் உயர்நீதிமன்றம் தீர்ப்பை ரத்துசெய்தது. மசாஜ் நிலையம் திறக்க ஒரு வாரம் போதுமானதாக இருந்தது. சிறுமிக்கு நீதி கிடைக்க மாதங்கள் ஆயின.

இதை ஒரு மதத்தின் குறையாகச் சொல்லி நாம் நிம்மதியடைய வேண்டாம். ஊர்ப் பஞ்சாயத்துக்களில் பெண்களை அபராதமும் ஒதுக்கிவைத்தலும் செய்யும் சாதிகள் நம் நாட்டில் உண்டு. இங்கே சட்டப் புத்தகம் அதை அனுமதிப்பதில்லை என்பது வேறுபாடு. நடக்கவில்லை என்பது அல்ல. மாலத்தீவில் நான் பார்ப்பது வேறொன்று. வெளிநாட்டுப் பெண்ணின் உடல் டாலர் கொண்டுவருவதால் அவளுக்கு ஒரு தீவு. உள்ளூர்ப் பெண்ணின் உடல் ஊரின் மானத்தைச் சுமப்பதால் அவளுக்கு வேறொரு தீவு. இரண்டு தீவுகளையும் பிரித்து வைத்தவர்களுக்கு இரண்டிலும் லாபம்.

2024 ஜனவரியில் இந்தியாவுக்கும் மாலத்தீவுக்கும் வாய்ச்சண்டை மூண்டது. லட்சத்தீவா மாலத்தீவா என்று இங்கே பட்டிமன்றமே நடந்தது. 2023இல் இரண்டு லட்சத்துக்கு மேல் போய் முதலிடத்தில் இருந்த இந்தியப் பயணிகள் அடுத்த ஆண்டில் சுமார் ஒரு லட்சத்து முப்பதாயிரமாகக் குறைந்தார்கள். எந்தக் கடற்கரையின் மணல் வெள்ளை என்று ஆண்கள் பேசிய அந்த மாதங்களில், லட்சத்தீவின் மினிக்காயிலும் திவேஹி மொழிதான் பேசுகிறார்கள், அங்கும் பெண்கள் மாசி போட்டார்கள், கயிறு திரித்தார்கள் என்பதைப் பற்றி யாரும் பேசிக் கேட்கவில்லை.

திட்டமிடுகிறவர்களுக்கு

2009க்குப் பிறகு சட்டம் மாறியது. மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் நடத்தலாம் என்றானது. மாஃபுஷி போன்ற தீவுகளில் அவை பெருகின. இன்று நாடு முழுவதும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. விடுதித் தீவின் ஓரிரவுச் செலவில் அங்கே பல நாட்கள் தங்கலாம். மது கிடையாது. நீச்சலுடைக்கென்று மறைப்பு கட்டிய தனிக் கடற்கரை இருக்கும்; ஊருக்குள் உடம்பை மூடித்தான் நடக்க வேண்டும். இந்த நிபந்தனைகள் நமக்குப் புதியவையும் அல்ல. முக்கியமான வேறுபாடு, வேலை பெண்ணின் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறது என்பதுதான். இரவு வீடு திரும்பலாம் என்றால் அவளால் சமைக்கவும், கணக்குப் பார்க்கவும், இல்லத்தையே நடத்தவும் முடிகிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கொல்லையிலிருந்து போன காசின் ஒரு சிறு பகுதி திரும்பி வரும் வழி அது. எல்லா இல்லமும் பெண் கையில் இல்லை. கூலி எல்லா இடத்திலும் நியாயமாகவும் இல்லை. ஆனாலும் அங்கே காலையில் மாஸ் ஹுனி என்ற மீனும் தேங்காய்த் துருவலும் கலந்த உணவைத் தட்டில் வைக்கிறவளின் முகத்தை நாம் பார்க்கலாம், பெயரைக் கேட்கலாம்.

சொகுசு விடுதிக்கே போகிறவர்களும் உண்டு. தேனிலவு, அறுபதாம் கல்யாணம், மகள் முதல் சம்பளத்தில் அம்மாவுக்குத் தரும் பரிசு. போகட்டும். பதிவு செய்வதற்கு முன் கடற்காட்சி பற்றிக் கேட்பதைப் போலவே சில கேள்விகளையும் கேட்கலாம். இங்கே உள்ளூர்ப் பெண்கள் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எந்தப் பொறுப்பில்? அவர்கள் தினமும் வீடு திரும்பப் படகு உண்டா? சேவைக் கட்டணம் ஊழியர்களுக்குப் போகிறதா? பாயும் கீற்றும் எந்தத் தீவுப் பெண்களிடம், என்ன விலைக்கு வாங்கியவை? வாடிக்கையாளர் கேட்கும் கேள்விக்கு விடுதிகள் செவிசாய்க்கும். மசாஜ் நிலையம் ஒரு வாரத்தில் திறந்த கதை அதற்குச் சாட்சி.

நமக்கு வேண்டிய ஓய்வு நியாயமானது. அங்கே போய்ச் சாய்வு நாற்காலியில் அமர்ந்து எதிரே பார்த்தால் ஆழமில்லாத நீர் தெரியும். இடுப்பளவுதான் இருக்கும். நானூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே பெண்கள் வரிசையாகக் குனிந்து நின்றதை ஒரு பிரெஞ்சுக்காரர் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். நம்மோடு வருகிற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.